இன்றைக்கு எத்தனை வயல்

ஏப்ரல் 16, 2021, வெள்ளி

மூன்று வயல் திறந்தோம். வயல் என்றால் கொரோனா ஊசி மருந்துக் குப்பி, ஒன்றில் பத்து டோஸ். முப்பது பேர். கடைசி வயலுக்கு ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள். எதிர் டீக்கடை அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பத்தாக்கினோம்.

காலையில் விவேக் ஊசி போட்டுக்கொள்ளும் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். நேற்று ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய நடிகரே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தாரே என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. மத்தியானம் பார்த்தால் மூச்சுப்பேச்சில்லாமல் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி. ஸ்டேட்டஸை எடுப்பதா, விடுவதா? எடுக்கவில்லை. 112 பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 17, சனி

விடிகாலை 4.35க்குப் போய்விட்டாராம். ஸ்டேட்டஸை எடுத்துவிட்டேன். எடுத்தது வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 19, திங்கள்

பதினொரு மணி வரைக்கும் ரெண்டே பேர். ரெண்டு பேருக்காக வயலைத் திறந்தால் மீதி எட்டு டோஸ் நாலு மணி நேரத்தில் குப்பை. திறக்காவிட்டால் வந்த ரெண்டு பேரும் போய்விடுவார்கள், திரும்பியும் வரமாட்டார்கள். எங்கள் டாக்டர், எம்.ஓ. சார், திறக்கச் சொன்னார். சாயங்காலம் ஆறு டோஸைக் கீழே போட்டோம்.

விவேக்குக்கு இடது பக்க இதய ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு, அது ஒரே நாளில் வருகிற சங்கதி இல்லை என்று டாக்டர்கள் டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களிடம் நானும் அதையேதான் சொல்கிறேன். “அப்பறம் ஏன் சிஸ்டர் மறுநாளே?” என்கிறார்கள். அந்த நாலு வார்த்தைக்கு நாலு வார்த்தையில் பதில் இல்லை என்னிடம். அவர் போட்டுக்கொண்டது கோவேக்சின், இங்கே இருப்பது கோவிஷீல்டு. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 20, செவ்வாய்

இன்றிலிருந்து இரவு ஊரடங்கு. வயல் 0.

ஏப்ரல் 22, வியாழன்

ஒரு வாய்ஸ் நோட். ஒரு நிமிஷம் நாற்பத்து மூன்று விநாடி.

கிராம சுகாதார நர்ஸ், வி.எச்.என். அக்காதான் அனுப்பினார். “கேக்காதே, அழிச்சிடு” என்று கீழே எழுதியிருந்தார். கேட்டேன்.

ஏப்ரல் 23, வெள்ளி

“எங்கப்பா நல்லாத்தான் இருந்தாரு, புரியுதுங்களா. ஊசி போட்ட நர்சம்மா பி.பி.கூடப் பாக்கல, புரியுதுங்களா.” பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மேசையில் ஊசி போடுகிறவள் நான் ஒருத்திதான்.

தாத்தாவுக்கு 71 வயது. ஊசி போட்டது 9ஆம் தேதி, இறந்தது 19ஆம் தேதி. சர்க்கரை. இடது கால் சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு வருஷமாக ஆறாத புண். அதற்கு வாரம் ரெண்டு நாள் கட்டுக் கட்டியதும் நான்தான். வாய்ஸ் நோட்டில் அது வரவில்லை. மகன் மெட்ராஸில் இருக்கிறார், புண்ணைப் பார்த்திருக்கமாட்டார்.

காலையில் முதல் வேலையாக ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 148/90. என் கையெழுத்து. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எழுதியது நினைவில் இல்லை. “வலிக்குமா தாயி” என்று கேட்டது நினைவிருக்கிறது. ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தது, அரை மணி நேரம் முடியும் முன்பே எழுந்தவரைத் திரும்ப உட்காரவைத்தது, மஞ்சப்பையில் வெற்றிலை, எல்லாம் இருக்கிறது. கையில் பி.பி. கஃப் சுற்றியது மட்டும் இல்லை. அன்றைக்கு நாற்பது பேர். நாற்பது கையில் சுற்றியிருக்கிறேன். அந்தக் கையில் சுற்றினேனா? பழக்கத்தில் ஒரு எண்ணை எழுதிவிட்டேனா? 148 என்று யாராவது பழக்கத்தில் எழுதுவார்களா? பழக்கம் என்றால் 130/80தானே வரும்?

எம்.ஓ. சார் சிரித்தார். “பி.பி. பாக்காம போட்டாலும் யாரும் சாகறதில்லைம்மா.” அது எனக்கும் தெரியும். நான் கேட்டது அதை இல்லை.

ஏப்ரல் 27, செவ்வாய்

மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னாலும் பின்னாலும் பெண்கள் ஊசி போடக்கூடாதாம். இது புதுசு. நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு வி.எச்.என். அக்காவோடு போனேன். ஒரு ஆயா மண்வெட்டியைக் கீழே வைக்காமலே “எனக்கு அந்தக் கணக்குத் தெரியாதுல்ல, எப்படிப் போடறது?” என்கிறார். வயது 62. அக்கா சிரித்த சிரிப்பில் மாஸ்க் கழன்று விழுந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் நானும் சிரித்தேன்.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் 1. அந்த ஆயாதான். வயல் திறக்கவில்லை, வண்டியில் ஏற்றி சென்டருக்கே கூட்டிவந்தோம். அங்கே நாலு பேர் இருந்தார்கள், திறந்தோம்.

ஏப்ரல் 29, வியாழன்

வீட்டுக்குள் நுழைந்ததுமே கற்பூர வாசனை. கற்பூரம், கிராம்பு, ஓமம், ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம். துணியில் கட்டிப் பையனின் தலையணைக்கு அடியில். ஆக்சிஜன் ஏறுமாம்.

“பச்சப்புள்ள கற்பூரத்தை வாயில போட்டா ஃபிட்ஸ் வரும்மா.”

“நீ ஊருக்கு நர்சு. எனக்கு நர்சு இல்லடி.”

மூட்டையை அவிழ்த்து வாசலில் கொட்டினேன். ஆக்சிமீட்டரை எடுத்து அம்மா விரலில் மாட்டினேன். 98. மூட்டையால்தான் 98 என்றார். என் விரலில் மாட்டினேன். 98. நானும் அதே வீட்டில்தானே படுக்கிறேன் என்றார். இதற்கு மேல் என்ன பேச. குளித்துவிட்டுத் திண்ணையில் படுத்தேன். மார்ச்சிலிருந்தே திண்ணைதான்.

அம்மாவுக்கு 58. இன்னும் போடவில்லை. என் கையால் 2,000 பேருக்காவது போட்டிருப்பேன்.

ஏப்ரல் 30, வெள்ளி

1.43.

மே 2, ஞாயிறு

ஓட்டு எண்ணிக்கை. காலையிலிருந்து குரூப்பில் ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை. தினமும் எண்ணினால் நன்றாக இருக்கும்.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு. பஸ் இல்லை. ஸ்கூட்டியில் பதினாறு கிலோமீட்டர், ரெண்டு இடத்தில் போலீஸ். ஐ.டி. கார்டைப் பார்த்ததும் சல்யூட் வைத்தார் ஒருவர். வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர், போட்டுக்கலாமா?”

மே 12, புதன்

செவிலியர் தினம். நர்சுகளுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை, ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கு. கான்ட்ராக்டில் 14,000 வாங்குகிற எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை விடப் பெரிய தொகை. யாருக்கு வேண்டாம்?

சித்தப்பா குரூப்பில் விளக்கேந்திய அம்மையார் படம் போட்டு “வெள்ளுடை தேவதைகளுக்கு வாழ்த்துகள்” என்றார், நாலு கும்பிடு. அதற்கு மேலே, விரலால் ஒரு இழுப்பு இழுத்தால், அதே சித்தப்பா 22ஆம் தேதி ஃபார்வேர்ட் செய்த வாய்ஸ் நோட். நம்ம பாப்பா வேலை பார்க்கிற இடம்போல இருக்கே என்றுகூடத் தோன்றவில்லை அவருக்கு. அல்லது தோன்றியிருக்கலாம்.

நன்றி சித்தப்பா என்று போட்டேன்.

மே 14, வெள்ளி

கோவிஷீல்டு ரெண்டாவது டோஸ் இனிமேல் 12 முதல் 16 வாரம் கழித்து. ஜனவரியில் 28 நாள் என்றோம். மார்ச்சில் 6 முதல் 8 வாரம் என்றோம். இன்றைக்கு ரெண்டாவது டோஸுக்கு வந்த வாத்தியார் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: “வாட்ஸ்அப்புல வர்றது ஒரு தடவையும் மாறலம்மா. நீங்கதான் மாத்திக்கிட்டே இருக்கீங்க.” ஆராய்ச்சி வளர வளர மாறத்தான் செய்யும் சார் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கே அது வாயிலிருந்து வந்த மாதிரிதான் இருந்தது.

தூக்கம் மூன்று மணிக்குக் கலைகிறது. எழுந்ததும் 148/90.

மே 18, செவ்வாய்

பொது இடங்களில் ஆவி பிடிக்கவைக்க வேண்டாம் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். வீட்டில் பிடிப்பதை யார் நிறுத்துவது? இன்றைக்கு ஒரு பெண், போர்வைக்குள் கொதிக்கிற பானை கவிழ்ந்து ரெண்டு தொடையும் வெந்து வந்தாள். தோல் பாவாடையோடு ஒட்டியிருந்தது. சலைன் ஊற்றி ஊற்றி நூல் நூலாகப் பிரிக்க முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஏழு தடவை ஆவி பிடிப்பாளாம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வராமல் இருக்கத்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயத்தில்தானே செய்தாள். ஏழு தடவை என்று சொன்ன ஆள் எங்கே இருக்கிறானோ.

மே 22, சனி

காலை ஏழு மணிக்கு எண்பது பேர். இருப்பது ஐந்து வயல். 20ஆம் தேதியிலிருந்து பதினெட்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் என்றாகிவிட்டது. எல்லாத் தெருவிலும் ஒரு சாவுப் பந்தல் விழுந்துவிட்டது, அதுவும் ஒரு காரணம். ஏப்ரலில் கையைப் பிடித்து இழுத்தோம். இப்போது டோக்கன் கொடுக்கிறோம், சண்டை போடுகிறார்கள். “சொந்தக்காரங்களுக்கு ஒளிச்சு வெச்சிருக்கா” என்று ஒருத்தர் கத்தினார். என் சொந்தக்காரர்களை அவருக்குத் தெரியாது.

வீட்டில் சொன்னேன். “இன்னைக்கு அஞ்சு வயலும் காலி.” அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “யாரு வயலு?” என்றார்.

மே 26, புதன்

நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு டாக்டர் சொன்னாராம், ஊசி போட்டவர்கள் ரெண்டு வருஷத்தில் செத்துவிடுவார்களாம். அவர் அப்படிச் சொல்லவேயில்லை என்று மத்திய அரசு மறுப்பும் போட்டுவிட்டது. பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணக்கு ஓடியது. நான் போட்டது ஜனவரி. அப்படியென்றால் 2023 ஜனவரி. பையன் ரெண்டாம் வகுப்பில் இருப்பான்.

இந்தக் கணக்கை ஏன் போட்டேன்?

மே 27, வியாழன்

வி.எச்.என். அக்காவுக்குப் பாசிட்டிவ். ஆக்சிஜன் சாச்சுரேஷன் 96. வீட்டிலேயே இருக்கிறார். ரெண்டு டோஸும் போட்டவர். குரூப்பில் சொல்லிவிடாதே என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 2, புதன்

ஸ்டாக் இல்லை. இங்கே மட்டும் இல்லை, எங்கேயுமே இல்லையாம். ஊசி வைக்கிற ஃப்ரிட்ஜ், ஐ.எல்.ஆரைத் திறந்தால் ஐஸ் பேக்குகளும் பழைய டி.டி. (டெட்டனஸ்) வயல்களும்தான். “இன்று தடுப்பூசி இல்லை” என்று சாக்பீஸில் எழுதி வைத்தோம். அதைப் படித்துவிட்டும் உள்ளே வந்து கேட்கிறார்கள்.

பன்னிரண்டு மணி இருக்கும். நாற்பது வயதுக்காரர், மொட்டையடித்த தலையில் முடி ஒரு விரற்கடைக்கு முளைத்திருந்தது. “லாக்டவுனுக்கு முன்னாடி வந்தேன், இங்கயே மாட்டிக்கிட்டேன், புரியுதுங்களா. மெட்ராஸுல கம்பெனில சர்டிபிகேட் கேக்கறாங்க, புரியுதுங்களா.”

பேனா கையில் நின்றுவிட்டது. நூறு தடவையாவது கேட்ட குரல். அவருக்கு என்னைத் தெரியாது, மாஸ்க்குக்கு மேலே ரெண்டு கண்தான். தெருப் பெயரைக் கேட்டேன். அதே தெரு.

உங்கள் அப்பாவுக்குப் பி.பி. பார்த்தேன் என்று சொல்ல வாய் வந்தது. பார்த்தேனா?

“வந்தா ஃபோன் பண்ணுவோம் சார்.” டோக்கன் 17.

ஜூன் 9, புதன்

இருபது டோஸ் வந்தது. முதல் வயல் பத்து மணிக்கே முடிந்தது. ரெண்டாவதை 10.40க்குத் திறந்தேன். ஒன்பது பேருக்குப் போட்டாயிற்று. வெளியே டோக்கன் இல்லாமல் ஆறு பேர் நிற்கிறார்கள். எம்.ஓ. சார் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார். கூப்பிட்டுப் போட்டுவிடும்மா என்கிறார்.

17ஐ ஃபோனில் பிடித்துவிட்டேன். வருகிறேன் என்றார். கஃபை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். மணி 1.55. 2.40 வரைக்கும் தாங்கும்