கொள்ளிடத்து மணலில் ஆறு குழி

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்கெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிவிட்டோம். நான், மாமா, மாமாவின் பேரப் பிள்ளைகள் மூன்று பேர். கோல்ஃப் ஆடத்தான். கையில் பந்தைத் தூக்கி அடிக்கிற ஒரு பழைய 7-ஆம் எண் அயர்ன் மட்டை, குழிக்குள் தட்டி உருட்டுகிற ஒரு புட்டர் மட்டை, பை நிறைய கோல்ஃப் பந்து. சித்திரையில் திருவையாற்றுக்கு வரும்போதெல்லாம் இந்த மணல்வெளியைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். இந்த முறைதான் வாய்த்தது.

நான் ஆடப் பழகியதே மணலில்தான், வளைகுடாவில் வேலை பார்த்தபோது. அங்கே நாங்கள் ஆடிய களத்தில் புல்லே கிடையாது. ஆளுக்கு ஒரு துண்டு செயற்கைப் புல் விரிப்பை எடுத்துப்போய், பந்தை அதன்மேல் வைத்து அடிப்போம். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்து இறுக்கிய மணல். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். இந்தியாவிலும் பல பழைய களங்களில் பிரவுன்தான் இருந்தது. தண்ணீர்ச் செலவு இல்லை என்பதால் கட்டணமும் குறைவு.

அப்புறம் ஒரு தடவை ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் போனேன். கடலை ஒட்டி, விவசாயத்துக்கு உதவாத மணல் நிலம். ஊர் மக்கள் அங்கே விளையாடலாம் என்று 1552-லேயே பட்டயம் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே 'ஓல்ட் கோர்ஸ்' என்கிற பழைய களத்தில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுகிறார்கள். வெளியூர்க்காரருக்கு அங்கே கட்டணம் மிக அதிகம். ஆனால் பக்கத்திலேயே 'ஹிமாலயாஸ்' என்றொரு புட்டிங் திடல், அதாவது புட்டரால் பந்தைத் தட்டி மட்டுமே ஆடுகிற இடம், 1867-இல் தொடங்கிய பெண்கள் சங்கத்துடையது. சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். திடல் முழுக்க அலை அலையாய் மேடும் பள்ளமும். குழியைப் பார்த்து நேராகத் தட்டினால் பந்து போய்ச் சேராது. மேட்டின் சரிவில் ஏற்றி, வளைந்து இறங்க விட வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேத்தியும் ஆடினார்கள். பேத்தி ஜெயித்தாள். நான் ஆடியதிலேயே மனசு நிறைந்த ஒரு மணி நேரம் அது. குளம் வெட்டவில்லை, மரம் நட்டுச் சிங்காரிக்கவில்லை. தரையின் நெளிவே போதுமாயிருந்தது.

கொள்ளிடத்தில் அந்த நெளிவை வெள்ளமே போட்டு வைத்திருக்கிறது. நாங்கள் தேடிப் பிடித்தால் போதும். குழிக்குக் கொட்டாங்கச்சி புதைத்தோம். கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். நல்ல தேங்காய் மூடி ஏறக்குறைய அந்த அளவுதான். சுற்றிலும் குடத்துத் தண்ணீர் தெளித்து, மாமா வயலுக்குப் பரம்படிக்கிற மாதிரி ஒரு பலகையை இழுத்துச் சமப்படுத்தினார். குழியைச் சுற்றிய இந்தச் சமதரைதான் திடல். இரண்டாவது குழிக்கும் ஐந்தாவது குழிக்கும் ஒரே திடல். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய களத்திலும் 14 குழிகளுக்கு 7 திடல்கள்தான். எங்களுக்கு இரண்டு குடம் தண்ணீர் மிச்சம்.

நாணல் புதர் பக்கம் எந்தக் குழியும் வைக்கவில்லை. மருத்துவராக இருந்து கோல்ஃப் களங்கள் வடிவமைப்பவராக மாறிய அலிஸ்டர் மெக்கன்சி, பந்தைத் தேடி அலைகிற எரிச்சலே ஆட்டத்தில் இருக்கக் கூடாது என்றவர். புதிதாக ஆடுகிறவன் நாலு பந்தைத் தொலைத்தால் மறுநாள் வரவே மாட்டான். மணல் அள்ளிய பள்ளங்கள் பக்கமும் போகவில்லை. அவை ஆழமானவை, ஆபத்தானவை.

மூன்றாவது குழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நடுவில் முதுகு மாதிரி ஒரு மணல் திட்டு. இடது பக்கம் அகலம், ஆனால் சுற்று. வலது பக்கம் குறுக்குவழி, ஆனால் சரிவு பந்தை இழுத்துவிடும்.

"எந்தப் பக்கம் அடிக்கட்டும் மாமா?" என்று என்னிடம் கேட்டான் பேரப் பிள்ளைகளில் பெரியவன்.

"நீயே பார்த்து அடிடா."

ரொம்ப நேரம் நின்று பார்த்தான். கிட்டிப்புள் ஆடிய கை. வலது பக்கமே அடித்தான். பந்து திட்டின் தோளில் ஏறி, தயங்கி, குழிப் பக்கம் உருண்டது. மாமா பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்.

ஒன்பது மணிக்கு மணல் சுட ஆரம்பித்துவிட்டது. மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பினால் ஆறு குழியும் போய்விடும். அயர்னையும் பந்துகளையும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தண்ணீர் வடிந்ததும் திட்டுகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்வதாகப் பெரியவன் சொல்லியிருக்கிறான்.