முதலில் கேட், பிறகு ரூம்: சேலத்திலிருந்து சஃபாரி போகிறவர்களுக்கு

ஆப்பைத் திறந்து "மசினகுடி" என்றோ "கபினி" என்றோ தட்டி, நீச்சல் குளமும் நல்ல படங்களும் உள்ள ரிசார்ட்டைப் பிடித்து முன்பணம் கட்டிவிட்டு, சஃபாரியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் நம் ஊரில் வழக்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். எந்தக் காடு, அந்தக் காட்டுக்குள் வண்டி எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது, வண்டியை ஓட்டுவது யார் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் ரூம்.

ஏற்காட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் காட்டெருமை வருவது உண்மை. ஆனால் அது புலிகள் காப்பகம் அல்ல, வனத்துறை சஃபாரி வண்டியும் அங்கே கிடையாது. "வைல்ட்லைஃப் ஸ்டே" என்று ஏற்காட்டில் யாராவது விற்றால், குளிருக்கும் காப்பிக்கும் காசு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். சஃபாரி வேண்டுமென்றால் சேலத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டுகிறவை முதுமலை, பந்திப்பூர், கபினி, டாப்சிலிப், பரம்பிக்குளம்.

முதுமலையில் சஃபாரி நடத்துவது வனத்துறை மட்டும்தான். வண்டி தெப்பக்காட்டு வரவேற்பு மையத்திலிருந்து கிளம்பும். மசினகுடியில் தனியார் ஜீப்காரர்கள் "சஃபாரி" என்று அழைத்துப் போவது பெரும்பாலும் காப்பகத்தின் மையப் பகுதிக்கு வெளியே, ஊரைச் சுற்றியுள்ள பாதைகளில். மானும் மயிலும் சில நாள் யானையும் தெரியும். அதையும் வனத்துறை வேனையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள். ரிசார்ட்காரர் "நைட் சஃபாரி உண்டு சார்" என்று சொன்னால் அந்த இடத்தையே விட்டுவிடலாம். இரவில் தனியார் வண்டி காட்டுக்குள் போக அனுமதி கிடையாது. பிடிபட்டால் அபராதம் வண்டியில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி காலை நேரக் கணக்கு. சஃபாரியில் நல்ல நேரம் முதல் வண்டி. வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். அந்த வண்டியைப் பிடிக்க முடிகிற தூரத்தில் தங்குகிறோமா என்பதுதான் கேள்வி. அதற்கு கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் போதாது, சாலை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பந்திப்பூர், முதுமலை வழியாகப் போகும் நெடுஞ்சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். கர்நாடகப் பக்கத்துக் குண்டுலுபேட்டையில் ரூம் மலிவு என்று அங்கே தங்கிவிட்டு தெப்பக்காட்டின் முதல் வண்டிக்குப் போக நினைத்தால், 6 மணிக்குத் தடுப்பு திறந்து, வரிசையில் நின்று, வேகத்தடைகளில் ஏறி இறங்கி, மாநில எல்லையில் உள்ள கக்கநல்லா சோதனைச்சாவடியையும் தாண்ட வேண்டும். வண்டி போயிருக்கும். அதே குண்டுலுபேட்டை பந்திப்பூர் சஃபாரிக்கு நல்ல இடம். ஏனென்றால் கர்நாடக வனத்துறையின் பந்திப்பூர் சஃபாரி மையம் காட்டுக்கு வெளியே, குண்டுலுபேட்டைப் பக்கம் மேலுகாமனஹள்ளியில் இருக்கிறது. இதையே திருப்பினால், மசினகுடியில் தங்கிக்கொண்டு பந்திப்பூரின் காலை வண்டிக்கு ஆசைப்படுவதும் வீண்தான். இரண்டு காட்டுக்கும் நடுவில் சாலை ஒன்றுதான், ஆனால் இரவில் அது ஒரு சுவர்.

ஊட்டியில் தங்கி முதுமலை பார்க்கலாம் என்ற யோசனை இதைவிட மோசம். கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளோடு நேரே மசினகுடிக்கு இறங்குகிறது. ஆனால் அதில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, ஏறத்தான் விடுவார்கள். சேலம் பதிவெண்ணோடு போனால் கூடலூர் சுற்றித்தான் இறங்க வேண்டும். அது 67 கிலோமீட்டர், மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். மேப்பில் 36 கிலோமீட்டர் என்று காட்டுவதை நம்பி விடியற்காலையில் கல்லட்டிப் பாதை பிரியும் தலைகுந்தா வரை போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

ஆகவே முதுமலைக்கு தெப்பக்காடு அல்லது மசினகுடி. இரண்டுக்கும் இடையே 7, 8 கிலோமீட்டர்தான்.

தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் பக்கம் வனத்துறைக்கே விடுதிகள் உண்டு. தெப்பக்காட்டின் சில்வன் லாட்ஜ் அவற்றில் பழையது. இடத்துக்கு இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. எழுந்து நடந்தால் சஃபாரி கவுன்டர், பக்கத்தில் மாயாறு, கூப்பிடு தூரத்தில் யானை முகாம். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். ஏசி இருக்காது, மின்சாரம் போனால் போனதுதான், சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், பொழுது சாய்ந்தபின் வாசலைத் தாண்டக் கூடாது. அதிகாரிகள் வருகிறார்கள் என்று கடைசி நேரத்தில் முன்பதிவு ரத்தாகும் வாய்ப்பும் உண்டு. பதிவு ஆன்லைனில், காப்பகத்தின் சொந்தத் தளத்தில் நடக்கிறது. எல்லோருடைய அடையாள அட்டையையும் அசலாகவே எடுத்துப் போங்கள். வயதானவர்கள் கூட வந்தால், கழிப்பறை மேற்கத்திய வகையா, படி எத்தனை என்று போனில் கேட்டுவிடுங்கள்.

மசினகுடியில் தனியார் விடுதிகள் நிறைய. இங்கேதான் கொஞ்சம் துருவிக் கேட்க வேண்டும். மசினகுடியைச் சுற்றிய சீகூர்ப் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி. அந்த வழித்தடத்தில் இருக்கும் ரிசார்ட்டுகளை மூட வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்பிறகும் அந்தப் பக்கம் ஹோம்ஸ்டே என்ற பெயரில் சில இடங்கள் ஆப்புகளில் வந்து வந்து மறைகின்றன. சீல் வைத்துவிட்டால் உங்கள் முன்பணம் அதோகதிதான். உள்ளாட்சி உரிமமும் ஜிஎஸ்டி பில்லும் தருகிறார்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவர்களிடம் பேரம் பேச வேண்டாம். 2021 ஜனவரியில் மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எரியும் டயரை எறிந்ததில் காயம்பட்ட யானை செத்தது ஊரறிந்த செய்தி. ஆதலால் வேலி எப்படி இருக்கிறது, இரவில் விளக்கு எத்தனை எரிகிறது, கேம்ப்ஃபயரும் பாட்டும் உண்டா என்பதையும் கேளுங்கள். பாட்டு போடுகிற இடத்தின் பக்கம் எந்த விலங்கும் வராது, நமக்கும் தூக்கம் வராது. உப்புக்கட்டி வைத்தும் இரை போட்டும் மானை வாசலுக்கு வரவழைத்து "ஜங்கிள் வியூ" என்று கூடுதல் வாடகை வாங்குகிற இடங்களும் உண்டு. மான் வந்தால் சிறுத்தையும் பின்னால் வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

கபினியின் கணக்கு வேறு. அங்கே கர்நாடக வனத்துறையோடு, கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் சஃபாரி நடத்துகிறது. அவர்களுடைய விடுதியிலேயே தங்கினால் ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, மாலை ஒரு சஃபாரி, மறுநாள் காலை ஒரு சஃபாரி, காட்டு நுழைவுக் கட்டணம் எல்லாம் ஒரே பேக்கேஜில் வந்துவிடும். கட்டணம் ரூமுக்கு அல்ல, ஆளுக்கு. இதைக் கவனிக்காமல் "என்ன இவ்வளவு மலிவு" என்று மகிழ்ந்து, பில் வந்ததும் வாடிப்போகிறவர்கள் உண்டு. பக்கத்துத் தனியார் ரிசார்ட்டுகளில் ரூம் வாடகை தனி, சஃபாரி தனி. சஃபாரி சீட்டு மிச்சமிருந்தால்தான் கிடைக்கும். அங்கே ரூம் போடும்போதே "இன்ன தேதிக்கு, இத்தனை சீட்டு, ஜீப்பா பஸ்ஸா படகா" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரிய கேமரா லென்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இன்னொன்று: கபினி அணையின் இரண்டு கரையிலும் விடுதிகள் இருக்கின்றன. எதிர்க்கரை கண்ணுக்கு எதிரே தெரியும், சாலையில் போனால் நெடுந்தூரம் சுற்று. சஃபாரி உள்ளே நுழையும் தம்மனகட்டே கேட் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையில்தான் ரூம்.

படகைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதுகுவலிக்காரர்களுக்கு கேன்ட்டர் பஸ்ஸின் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டு சித்திரவதை. படகில் குலுக்கலே கிடையாது. மார்ச்சிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அணைத் தண்ணீர் வற்றி, வெளியே தெரிகிற கரையில் புல் முளைக்கும். யானைகள் கூட்டம் கூட்டமாக அதற்கு வரும். மழை பிடித்து அணை நிரம்பிவிட்டால் அவை கலைந்துவிடும். அப்போது தண்ணீரோரம் வியூ என்று அதிக வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை.

பருவம் முதுமலையிலும் ரூமை மாற்றும். ஜூலையில் கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும்போது கிழக்கே மழைமறைவில் உள்ள மசினகுடியில் தூறல்தான் இருக்கும், ஆகவே அப்போது மசினகுடி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலை உதிர்ந்து தூரம் தெரியும், ஆனால் காட்டுத்தீ அச்சத்தால் சஃபாரியை நிறுத்துவதும் அந்த மாதங்களில்தான். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவும் வரும். அந்த நாட்களில் மசினகுடிச் சாலை முழுக்க வண்டி. கும்பிடப் போகலாம், சஃபாரிக்கு வேண்டாம். மழைக்குப் பின் உண்ணிச்செடி அடர்ந்து நிற்கும். பத்தடிக்குள் புலி படுத்திருந்தாலும் தெரியாது.

சஃபாரி நிற்பதற்கு மழையும் தீயும் மட்டும் காரணமல்ல. 2025 நவம்பரில் புலி தாக்கி ஆட்கள் இறந்ததை அடுத்து பந்திப்பூரிலும், கபினி சஃபாரி நடக்கும் நாகரஹொளேயிலும் கர்நாடக அரசு சஃபாரியை நிறுத்தியது. அதனால் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: "காடு மூடினால் ரூம் காசு திரும்புமா, தேதி மாற்றுவீர்களா?" பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள்.

பரம்பிக்குளத்தில் இந்தத் தலைவலியெல்லாம் குறைவு. காடு கேரளாவுடையது, சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக நம்முடையது. உள்ளே தங்க வேண்டுமென்றால் கேரள வனத்துறையின் பேக்கேஜ்தான். கூடாரமோ மரவீடோ எதை எடுத்தாலும் சாப்பாடு, சஃபாரி, நடை, கூடவே ஒரு வழிகாட்டி எல்லாம் அதில் அடங்கும். பைக்கில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மழை மாதங்களில் அட்டை அப்பும், நீள சாக்ஸ் அவசியம். என்னைக் கேட்டால், புலி பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத குடும்பத்துக்கு இதுதான் முதல் தேர்வு.

ஒரு இரவா, இரண்டா? ஒரு இரவு என்றால் மாலை ஒன்று, காலை ஒன்று, மொத்தம் இரண்டு சஃபாரி. இரண்டு இரவு, நான்கு சஃபாரி, ஒரே விடுதி என்பது நல்ல திட்டம். இரண்டு இரவுக்கு இரண்டு காடு என்று போட்டால் ஒரு காலை சஃபாரி பெட்டி கட்டுவதிலேயே போய்விடும்.

சேலத்திலிருந்து முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போக ஊட்டி ஏறியே ஆக வேண்டும் என்றில்லை. பவானி, கோபி, சத்தி, பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், குண்டுலுபேட்டை வழியாகவும் போகலாம். திம்பத்தில் 27 வளைவுகள். அந்தச் சாலையும் கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், லாரிகளுக்கு மாலை 6 மணிக்கே. அதனால் இருட்டோடு கிளம்பி 6 மணி வாக்கில் பண்ணாரி சோதனைச்சாவடியில் நிற்பது போல வைத்துக்கொண்டால், கரும்பு லாரிக்குக் காத்திருக்கும் யானைகளை காரப்பள்ளம் பக்கம் சும்மாவே பார்க்கலாம். இறங்கவோ ஹாரன் அடிக்கவோ வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு விடுதி, மாலைக்கு முதல் சஃபாரி.

மசினகுடியும் தெப்பக்காடும் நீலகிரி மாவட்டம். கர்நாடகா வழியாக நுழைந்தாலும் இ-பாஸ் கேட்பார்கள். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிவிடுவார்கள். டிரைவர் வைத்து வேனில் போகிறவர்கள் ரூம் போடும்போதே டிரைவருக்குக் கட்டிலும் சாப்பாடும் உண்டா என்று கேளுங்கள். பல ரிசார்ட்டுகளில் கிடையாது. வண்டிக்குள்ளேயே கொசுக்கடியில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருந்த ஆள்தான் மறுநாள் திம்பத்தின் 27 வளைவுகளிலும் உங்களை இறக்கிக் கொண்டுவர வேண்டும்.