நோய் கண்டறியும் நானோ ஆய்வுக்கு வர நினைக்கும் டெல்டா மாணவர்களுக்கு

மன்னார்குடிப் பக்கம் பள்ளி, தஞ்சாவூரில் ஈசிஇ, அப்புறம் நோய் கண்டறியும் நானோ சென்சார்களில் பிஎச்.டி. என்று வந்தவன் நான். ஊர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் பிரிவு எடுக்கணும் அண்ணா?" என்பதுதான். ஈசிஇ, மெக்கானிக்கல், கெமிக்கல் எதுவானாலும் சரி, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலையும் நிகழ்தகவையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்கள், அதாவது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மிக நுண்ணிய தங்கத் துகள்கள்தான். தனித்தனியாக மிதந்தால் சிவப்பு, ஒட்டித் திரண்டால் ஊதா அல்லது நீலம். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட் சேர்த்துத் துகள் தயாரிக்கும் முறையை டர்கெவிச் குழு 1951-இல் வெளியிட்டது. இன்றும் பல ஆய்வகங்களில் அதுதான் முதல் பாடம். உப்பு கூடினால் துகள்கள் திரண்டுவிடும். ரத்தத்திலோ உப்பும் உண்டு, துகள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்களும் உண்டு. இந்தத் துகள்களை வைத்துச் செய்து, சுத்தமான கரைசலில் அழகாக வேலை செய்த சென்சார் ரத்தத்தில் தடுமாறுவது இதனால்தான். என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி இங்கேதான் போனது.

நிகழ்தகவு ஏன் என்றால், 1,000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வையுங்கள். சோதனை அந்த 10 பேரையும் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்கிறது. அப்படியும் 990 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று வரும். பிஎச்.டி. நேர்காணலில் என்னிடம் கேட்டதும் இந்தக் கணக்குதான்.

பொறியியல் மேற்படிப்பில் சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் 3 மணி நேரத்தில் 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறனுக்கு. உயிர்மருத்துவப் பொறியியலுக்கு 2020 முதல் தனித் தாள் இருக்கிறது. ஆனாலும் உங்கள் சொந்தப் பாடத்தில் பிடிப்பு இருந்தால் அதையே எழுதுங்கள். கோடை விடுமுறையில் ஆய்வகப் பயிற்சி கேட்க தூரம் போக வேண்டாம்: திருமலைசமுத்திரம் சாஸ்த்ராவில் நானோ தொழில்நுட்ப மையம் இருக்கிறது, திருச்சியில் என்ஐடி இருக்கிறது.

விண்ணப்பத்தில் 'நானோவில் ஆர்வம்' என்று எழுதாதீர்கள். ஒரு நோயை எழுதுங்கள். நம் வயல்களில் சேற்றில் நிற்பவர்களுக்கு, எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிராய்ப்பு வழியே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரலாம். தொடக்கத்தில் டெங்கு போலவே இருக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆவதால், முதல் சில நாட்களில் அதைத் தேடும் சோதனை கைகொடுக்காது. அந்த நாட்களிலேயே கிருமியை நேராகப் பிடிக்க என்ன துகள், சோதிக்க எந்த உடல் மாதிரி (ரத்தமா, சிறுநீரா), எவ்வளவு நுண்ணுணர்வு வேண்டும்? இதற்கு உங்கள் பதிலை ஒரு பக்கம் எழுதி, அதோடு பேராசிரியரைப் போய்ப் பாருங்கள்.