ரோம் நகரில் முதல் பகல்

ஐரோப்பாவில் இறங்கும் நாளன்று எதற்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யக் கூடாது என்பதில் நானும் என் கணவரும் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தோம். 2025 ஜூன் மாதம் சென்னையில் புறப்பட்டு, வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, காலையில் ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கினோம். விமானம் தாமதமாகலாம், பெட்டி வந்து சேராமல் போகலாம். எது நடந்தாலும் பணம் கட்டிய நுழைவுச் சீட்டு வீணாகக் கூடாது என்பதால் கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம் எல்லாவற்றையும் அடுத்தடுத்த நாள்களுக்குத் தள்ளி வைத்திருந்தோம். தவிரவும் 2025 கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு, அதாவது யாத்திரிகர்கள் ரோமுக்குத் திரளும் புனித ஆண்டு. ஊரில் வழக்கத்தைவிடக் கூட்டம் கூடுதல்.

விமானத்தைவிட்டு இறங்கியதும் முதல் வேலை குடியேற்றச் சோதனை. ஐரோப்பியர்களுக்கும், அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாட்டினருக்கும் தானியங்கி வாயில்கள் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதிகாரி அமர்ந்திருக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். எங்கள் பயணத்தில் இத்தாலியில்தான் அதிக இரவுகள் என்பதால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை இத்தாலியிடமே பெற்றிருந்தோம். திரும்பும் விமானச் சீட்டு, தங்குமிட உறுதிச் சீட்டுகள், 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டுக் கைப்பையிலேயே வைத்திருந்தோம். இவற்றைப் பெரிய பெட்டிக்குள் வைத்தால் பயனில்லை. ஏனெனில் பெட்டி கைக்கு வருவது குடியேற்றச் சோதனைக்குப் பிறகுதான். தம்பதி என்றதும் இருவரையும் சேர்த்தே அழைத்தார்கள். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், அடுத்து எந்த நாடு என்ற கேள்விகளோடு முடிந்து, முத்திரை விழுந்தது. (2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்குப் பதிலாக வருகையைக் கணினியில் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது.)

சுங்கத்தைப் பொறுத்தவரை, பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் காய்கறி, இலை வகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். ஆகவே நெய்யும் பால்கோவாவும் கறிவேப்பிலையும் வீட்டிலேயே தங்கிவிட்டன. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் மட்டும் எங்களுடன் வந்தன. நெய்யில்லாமல் பருப்புப்பொடி எதற்கு என்று என் மாமியார் கேட்டதற்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை.

பணம் எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கை யூரோவில் வைப்பதா, ரூபாயில் வைப்பதா என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்பது நமக்குப் பழகியது என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கவே கை போகும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பவர்கள் இயந்திரத்துக்காரர்கள், அது பெரும்பாலும் நமக்கு நட்டம். யூரோவையே தேர்ந்தெடுத்தோம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக இரண்டு ரயில்கள் உள்ளன. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் இடையில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் நகரின் முதன்மை ரயில் நிலையமான டெர்மினியில் விடுகிறது. கட்டணம் 14 யூரோ. 8 யூரோ சாதாரண ரயில் டெர்மினிக்குப் போவதில்லை, ட்ராஸ்தெவெரே, ஓஸ்தியென்ஸே நிலையங்கள் வழியாகச் சுற்றிப் போகிறது. எங்கள் விடுதி டெர்மினிக்கு அருகில் என்பதால், இரவு முழுவதும் தூங்காத உடம்போடும் பெட்டிகளோடும் வழியில் மாறி ஏறுவதைவிட ஆளுக்கு 6 யூரோ கூடுதலாகக் கொடுப்பதே மேல் என்று முடிவு செய்தோம். தாள் சீட்டாக வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள சிறிய இயந்திரத்தில் செருகித் தேதியும் நேரமும் பதித்துக்கொள்ள வேண்டும். அது பதியாத சீட்டு, கையில் இருந்தாலும் அபராதத்துக்கு உரியது.

விடுதியில் அறை பிற்பகலில்தான் கிடைக்கும். ஆனால் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தங்குவோர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம் என்பதால் கடவுச்சீட்டுகளை வாங்கிப் பதிந்துகொண்டார்கள். முன்பே கட்டிய வாடகையில் சேராத நகர வரி ஒன்றும் உண்டு. மூன்று நட்சத்திர விடுதியில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 6 யூரோ. இது தெரியாதவர்கள் வரவேற்பறையில் வாக்குவாதம் செய்வதைப் பார்த்தோம்.

பிறகு நடந்தோம். படுத்தால் மாலை வரை எழமாட்டோம் என்பது தெரிந்ததே. வெயில் சென்னைக்குச் சற்றும் குறைந்ததல்ல. எங்களைக் காப்பாற்றியவை தெருவோரத்து வார்ப்பிரும்புக் குழாய்கள்தான். நாசோனே எனப்படும் இவை 1870களிலிருந்து இருப்பவை. இரவும் பகலும் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குனிந்து குடிக்க முயன்று சட்டையை நனைத்துக்கொண்ட என் கணவருக்கு ஒரு மூதாட்டி செய்து காட்டினார்: வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி எழுகிறது, நிமிர்ந்தபடியே குடிக்கலாம். அதன்பின் குடிநீர்ப் புட்டி வாங்கவே இல்லை.

பாந்தியன் கோயிலுக்குள் 5 யூரோ கட்டி நுழைந்தோம். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சியின் உயரமும் ஒரே அளவு, ஏறத்தாழ 43 மீட்டர். ஆயிரத்து தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கம்பி இல்லாத கான்கிரீட்டில் எழுப்பியது. உச்சியில் திறந்தே இருக்கும் வட்டத்தின் வழியே மழையும் உள்ளே விழும் என்பதால் தரையில் வடிகால் துளைகள் போட்டிருக்கிறார்கள். குவிமாடத்தைவிட அந்தத் துளைகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். த்ரேவி நீரூற்றில் ஒரே நேரத்தில் 400 பேரைத்தான் அருகில் விடுகிறார்கள். வரிசை விரைவாகவே நகர்ந்தது.

உணவகங்களில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் தொடங்குவதாகத் தெரியவில்லை. எங்கள் வயிற்றிலோ இந்தியக் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. நீளத் தட்டில் சுட்ட பீட்சாவை எடை போட்டு விற்கும் கடை ஒன்று கைகொடுத்தது. கடைக்காரர் கத்தியைப் பீட்சாவின் மேல் நிறுத்தி, இவ்வளவா என்று கண்ணால் கேட்பார். நாம் கையால் கூட்டியோ குறைத்தோ காட்ட வேண்டும். உருளைக்கிழங்கு போட்டதும், சீஸ் இல்லாமல் தக்காளி மட்டும் பூசியதும் எங்களைப் போன்ற சைவர்களுக்குப் போதுமானவை.

எட்டரைக்கும் வெளிச்சம் இருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தோம். எதிர்பார்த்தபடியே விடியற்காலை நான்கு மணிக்கு இருவருக்கும் விழிப்பு வந்தது. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு எட்டு மணிச் சீட்டை மறுநாளுக்கே வாங்கியிருந்தது இந்தக் கணக்கில்தான்.