கல்லடிக் கரையில் ஒரு வெண்கல நட்சத்திரம்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் பதினொரு மோட்டார் சைக்கிள்களும் நின்றதும் அலைச் சத்தம் மட்டுமே கேட்டது.

எங்கள் குழுவின் மூத்தவர் மாமாதான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய அப்பா பெற்ற வெண்கல நட்சத்திரப் பதக்கம். இரவே புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். ஒரு முனையில் புளி நார் இன்னும் ஒட்டியிருந்தது.

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது இந்தக் கடலில்தான். 307 பேர் இறந்தார்கள்.

"அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் தம்பி? நாங்கள்தான்" என்றார் மாமா.

2004இல் என் சின்னம்மாவைக் கொண்டுபோனதும் இதே கடல். கப்பலோடு இறந்தவர்களை அந்நியர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமா நட்சத்திரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் கைச்சூடு அதில் இருந்தது.