பத்தாம் வகுப்பில் கால்குலஸ் முடிந்தது, அடுத்து?

மே 14, 2025, ஃபிரீமாண்ட், கலிஃபோர்னியா

ஏபி என்பது பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம். அதில் கால்குலஸ் பிசி தேர்வை என் மகள் எழுதி முடித்துவிட்டாள். மார்க் ஜூலையில் வரும். பள்ளியில் இதற்கு மேல் இருப்பது ஏபி புள்ளியியல் மட்டும்தான். இல்லையென்றால் ஓலோனி கம்யூனிட்டி காலேஜில் பல மாறிகளின் கால்குலஸ் படிக்கலாம் என்றார் கவுன்சிலர். கட்டாயம் ஒன்றுமில்லை. யூசி, அதாவது கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கேட்பது மூன்று வருடக் கணிதம். நான்கு இருந்தால் நல்லது என்பார்கள். அந்த அளவை அவள் எட்டியாயிற்று. ஆனாலும் இரண்டு வருடம் கணக்கைத் தொடாமல் இருந்தால் கை மறந்துபோகும் என்ற கவலை எனக்கு.

மே 18

தமிழ்ப் பள்ளி வாசலில் இன்று இதே பேச்சு. "இன்னும் முடிவு பண்ணலையா? எல்லாரும் காலேஜ் வகுப்புக்குப் பேர் போட்டாச்சு" என்றார் ஒருவர். யூசியில் ஏற்கப்படும் கல்லூரிப் பாடம் என்றால், ஜிபிஏ எனும் மதிப்பெண் சராசரியைக் கணக்கிடும்போது அந்தப் பாடத்தின் கிரேடுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு அம்மா சொன்னதுதான் மனதில் நின்றது. அவர் மகன் கோடையில் ஆறு வாரத்தில் முடியும் வகுப்பு எடுத்து 'சி' வாங்கியிருக்கிறான். அது கல்லூரியின் மதிப்பெண் பதிவேட்டில் (டிரான்ஸ்கிரிப்ட்) நிரந்தரமாக இருக்கும். இனி விண்ணப்பிக்கும் இடமெல்லாம் அதைக் காட்டியாக வேண்டும்.

ஜூன் 8

விதிகளை உட்கார்ந்து படித்தேன். பணம் தடையே இல்லை. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். பள்ளி மாணவர்களிடம் பெரும்பாலும் அதையும் வாங்குவதில்லை. நேரம்தான் விஷயம். கல்லூரியின் ஒரு செமஸ்டர் பாடத்தை, பள்ளியின் ஒரு வருடப் பாடத்துக்குச் சமமாக யூசி எடுத்துக்கொள்கிறது. நாம் அதைச் சலுகையாகப் பார்க்கிறோம். வருடம் முழுக்கப் படிப்பதை அரை வருடத்தில் படிக்க வேண்டும் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. நாலைந்து யூனிட் என்றால் வாரம் பதினைந்து மணி வரை போகும்.

"அப்படி என்னதாம்மா இருக்கு அந்தப் பாடத்துல?" என்று கேட்டாள். ஊரில் இன்ஜினியரிங் முதல் வருடத்தில் நாங்கள் எம்-2 என்று படித்ததில் பாதி இதுதான். கிரீன், ஸ்டோக்ஸ், காஸ் தேற்றங்கள் மூன்றும் பதினாறு மார்க் கேள்விக்குத் தவறாமல் வரும். கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கும் தனித்தனியாகத் தொகையிட்டு, தேற்றத்தின் இரண்டு பக்கமும் சமம் என்று காட்டுவோம். ஏன் சமம் என்று பேச வகுப்பில் நேரம் இருந்ததில்லை. இவளுக்கு அந்த நேரம் கிடைக்க வேண்டும்.

ஜூன் 22

பெயர் பதிவதற்கு முன் பாடத்தைச் சும்மா பார்க்கட்டும் என்று எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் 18.02 என்ற பல மாறிகளின் கால்குலஸ் வகுப்பைக் காட்டினேன். பேராசிரியர் தெனி ஓரூ 2007இல் நடத்தியது, இலவசம். மார்க்கும் இல்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை.

நேற்று மிஷன் பீக் மலை ஏறினோம், சுமார் 2,500 அடி. இவள் சமஉயரக் கோடு போட்ட வரைபடத்தைக் கையோடு கொண்டுவந்தாள். கோடுகள் நெருங்கும் இடத்தில் ஏற்றம் கடுமை. கிரேடியன்ட், அதாவது ஏற்றம் மிகக் கடுமையாக இருக்கும் திசை, எப்போதும் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும். "அப்போ பாதை ஏம்மா கோட்டை நேரா வெட்டாம சாஞ்சு போகுது?" என்று கேட்டு, அவளே பதிலும் சொன்னாள். கிரேடியன்ட் திசையிலிருந்து எவ்வளவு கோணம் விலகுகிறோமோ, அதன் கோசைனால் பெருக்கிய அளவுதான் ஏற்றம். அறுபது டிகிரி விலகினால் சரிவு பாதி. மூச்சிரைக்க நின்றுகொண்டு இதைச் சொன்ன பெண்ணிடம் ஜிபிஏ புள்ளியைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

ஜூலை 9

மார்க் வந்தது. ஐந்துக்கு 5. வீட்டில் பெரிய விவாதம். "ஏபி கெமிஸ்ட்ரி, ஏபி ஹிஸ்டரி, இதுல காலேஜ் வேற. புள்ள எப்போ தூங்கும்?" என்றார் என் கணவர். நியாயமான கேள்வி. கோடை வகுப்பே வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. கடைசியில் அவளேதான் வழி சொன்னாள்: "ஹிஸ்டரியைச் சாதாரண வகுப்பா மாத்திக்கிறேம்பா." ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை விடத் தயாராக இருக்கிறாளே, அது எனக்குப் போதும். விண்ணப்பத்தில் ஒரு ஏபி குறைந்தால் குறையட்டும்.

ஆகஸ்ட் 3

கல்லூரி வகுப்பில் சேர்வதற்கான படிவத்தில் பள்ளியின் கையெழுத்தும் எங்கள் கையெழுத்தும் வாங்கியாயிற்று. முன்தகுதிக்கு ஏபி மார்க்கை அனுப்பினோம். பள்ளி மாணவர்களுக்குப் பதிவு கடைசியில்தான் திறக்கும். முதலில் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள், இன்றுதான் மாலை நேர வகுப்பில் இடம் கிடைத்தது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: கல்லூரியில் சேர்ந்துவிட்டால், பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் அங்குள்ள பதிவேட்டின் உரிமை மாணவருக்குத்தான். பேராசிரியருக்கு நான் போன் போட்டு விசாரிக்க முடியாது. நல்லதுதான்.

ஆகஸ்ட் 30

வகுப்பு தொடங்கிவிட்டது. பக்கத்தில் உட்காருபவர் பகலில் வேலை பார்த்துவிட்டு வருகிறாராம். "ஹோம்வொர்க் முடிச்சியான்னு யாரும் கேக்கறதே இல்லம்மா" என்றாள்.

டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' (பாதியில் விலகியதற்கான குறி) விழாமல் விலகக் கடைசி நாள் செப்டம்பரில் வருகிறது. முதல் தேர்வு அதற்குப் பிறகுதான், ஆகவே அந்த மார்க்கைப் பார்த்து முடிவெடுக்க வழியில்லை. அதற்குள் சில வீட்டுப்பாடங்கள் திருத்தி வந்துவிடும். அதையும் தன் தூக்கத்தையும் பார்த்து, தொடர்வதா விடுவதா என்று அவளே சொல்வதாகப் பேசியிருக்கிறோம்.