முட்டை தின்னப் பழகிய பெட்டைக்கோழி

வீட்டுப் பின்புறத்தில் ஐந்து பெட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். நாளொன்றுக்கு நான்கு முட்டைகளாவது கிடைத்துவந்த நிலைமாறி, சில நாள்களாக இரண்டே கிடைத்தன. இறகுதிர்க்கும் பருவம் வந்துவிட்டது போலும் என்று நானாகவே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு காலையில் முட்டைப் பெட்டியிலிருந்த வைக்கோலை அள்ளியபோது அது விரல்களில் பிசுபிசுத்தது. அடியில், உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு, நகத்தளவில் ஓர் ஓட்டுத் துண்டு கிடந்தது.

முதலில் பாம்பின் மீதும் எலியின் மீதும்தான் சந்தேகம் எழுந்தது. ஆனால் பாம்பு முட்டையை முழுதாக விழுங்கிவிடும். வைக்கோலை நனைத்து வைக்காது. எலியோ பெரும்பாலும் முட்டையை மறைவிடத்துக்கு உருட்டிச் சென்றுதான் தின்னும். ஆகவே கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அலகைப் பார்த்தேன். செவலைப் பெட்டையின் அலகோரத்திலும் கழுத்து இறகிலும் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது.

மறுநாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சற்றுத் தள்ளி அமர்ந்து காத்திருந்தேன். வெள்ளைப் பெட்டை முட்டையிட்டுவிட்டுக் கேரிக்கொண்டே வெளியேறிய சற்று நேரத்தில் செவலை உள்ளே நுழைந்தது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முட்டையைப் பார்த்தது. இரண்டு முறை லேசாகத் தட்டியது. மூன்றாவது கொத்தில் ஓடு உள்வாங்கும் ஓசை எனக்கே கேட்டது. அந்த ஓசைக்கு மற்ற மூன்றும் ஓடி வந்ததுதான் என்னைக் கவலைகொள்ளச் செய்தது, ஏனெனில் ஒரு கோழியின் பழக்கம் கூட்டம் முழுவதற்கும் பரவிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

முட்டைக்குள் மிளகாய்த்தூளை நிரப்பி வைத்தால் கோழி திருந்திவிடும் என்று கேள்விப்பட்டு அவ்வாறே செய்தேன். செவலை அதனைத் துளியும் மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்துவிட்டு, அலகைத் தரையில் துடைத்துக்கொண்டு போயிற்று. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாலூட்டிகளிடம் எரிச்சலைத் தூண்டும் அந்த உணர்வேற்பி, பறவைகளிடம் மிளகாயின் காரப்பொருளுக்கு இசைவதில்லை. பழுத்த மிளகாயைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவது இதனால்தான். அரைத்த கடுகை நிரப்பி வைத்தபோது ஒரு கொத்தோடு விலகியது உண்மை. ஆயினும் அடுத்த நாள் நல்ல முட்டை ஒன்றை உடைத்துவிட்டது.

கோழியைத் தண்டிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, முட்டை ஏன் இவ்வளவு எளிதில் உடைகிறது என்று பார்த்த பிறகே விடை கிடைத்தது. எஞ்சிய முட்டைகளின் ஓடுகள் மெலிந்திருந்தன. ஓடில்லாமல் சவ்வு மட்டுமே மூடிய தோல்முட்டையும் ஒருமுறை விழுந்திருந்தது. ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். உண்பது முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதால், முட்டையிடும் கோழி நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் உண்ண வேண்டியிருக்கிறது. நானோ முட்டைக்கோழித் தீவனத்தைக் குறைத்து, கால்சியம் மிகக் குறைவாக உள்ள தானியத்தை ஆசையோடு அள்ளி இறைத்துக்கொண்டிருந்தேன். வெயிலும் கடுமையாக இருந்தது. கோழி மூச்சிரைக்கும்போது கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றுவதால் ஓடு உருவாவதற்குத் தேவையான கார்பனேட்டும் குறைந்துவிடுகிறது.

ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி, கோழி எதுவும் தின்னாத இரவில் கழிகிறது. ஆகையால் கிளிஞ்சலைத் தூளாக்காமல் கரடுமுரடான துண்டுகளாகவே மாலையில் தனிக் கிண்ணத்தில் வைக்கத் தொடங்கினேன். துண்டுகள், இரையை அரைக்கும் உறுப்பான அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரையும். தீவனத்தோடு கலப்பதில்லை, எந்தக் கோழிக்கு எவ்வளவு தேவையோ அதுவே பொறுக்கிக்கொள்ளும். இதில் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சமையலில் உடைத்த முட்டைகளின் அரை ஓடுகளை அப்படியே அவற்றின் முன் வீசி வந்திருக்கிறேன். உள்ளே கரு ஒட்டியிருந்த அந்த ஓடுகளைவிடச் சிறந்த பாடம் வேறென்ன இருக்க முடியும்? இப்போது கழுவி, காயவைத்து, முட்டையின் உருவமே தெரியாதபடி நொறுக்கித்தான் போடுகிறேன்.

பெட்டியிலும் குறை இருந்தது. இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை அடைக்கோழி பிடித்துக்கொண்டிருந்ததால், மற்ற நான்கும் ஒரே பெட்டியில் முண்டியடித்து, முன்பு இட்ட முட்டைகளை மிதித்துக் கீறல் விழச் செய்திருக்கின்றன. மூன்றாவதாக ஒரு பெட்டி செய்து, மூன்றின் முகப்பிலும் சாக்குத் திரை தொங்கவிட்டேன். மங்கலான வெளிச்சத்தில் கோழிக்குக் கொத்தும் ஆர்வம் குறைகிறது. பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே விழுந்துவிடுவதால், அதற்குள் மூன்று முறை சென்று எடுத்துவிடுகிறேன்.

இவ்வளவு செய்தும் செவலை வாரத்துக்கு ஒரு முட்டையையாவது உடைத்தது. அலகின் நுனியைத் தீய்த்துவிடச் சொன்னவர்கள் உண்டு. நரம்பு நிறைந்த அந்த உறுப்பை வெட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டிகளின் அடிப்பலகையைப் பின்புறம் இரண்டு விரற்கடை தாழ்த்தி, முட்டை மெல்ல உருண்டு, பின்சுவரின் இடுக்கு வழியாகத் துணி விரித்த தட்டில் சேருமாறு மாற்றியமைத்தேன். சரிவு அதிகமானால் முட்டைகள் மோதி உடையும் என்பதால், மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் செவலை முட்டையிட்டு எழுந்து, திரும்பிப் பார்த்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு வயிற்றுக்கடியில் தேடியதை நான் மறக்கவே முடியாது.

ஆறு வாரங்களாக ஒரு முட்டையும் வீணாகவில்லை. கோழிகள் மாற்றியமைத்த பெட்டிகளை ஒதுக்கிவிடாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு மர முட்டையை அடியிலிருந்து ஆணியறைந்து நிறுத்தியிருக்கிறேன். நடுப்பெட்டியில் உள்ள மர முட்டையில் மட்டும் வண்ணம் பெயர்ந்து, ஒரு பக்கம் முழுவதும் சிறு சிறு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. செவலை முட்டையிடுவது அந்தப் பெட்டியில்தான்.